கார்புரேட்டர் வண்டிக்குப் பழைய ஆக்சிஜன் சென்சார்: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு முன்வாசலுக்கு வாரம் ஒரு வண்டியாவது வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார்சைக்கிள். எப்போதாவது மலேசியக் கார்களான சாகா, இஸ்வரா, கஞ்சிலில் ஒன்று. 1985இல் சாகாவும் 1994இல் கஞ்சிலும் வந்தபோது நம் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஓடியவை, பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டரில் கலக்கும் இந்த வண்டிகள்தான். இன்றும் அவற்றை வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் குறைகள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும்: பெட்ரோல் நிற்கவில்லை, சிக்னலில் அணைந்துபோகிறது, முறுக்கினால் திணறுகிறது, மேட்டில் இழுக்கவில்லை.

முன்பு காதையும் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தையும் நம்பித்தான் திருகாணியைத் திருப்பினேன். இப்போது பழைய உதிரிபாகக் கடையில் 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய நான்கு கம்பி ஆக்சிஜன் சென்சாரும், 35 வெள்ளி மல்டிமீட்டரும் கூட இருக்கின்றன. புகைக்குழாயில் துளையிட்டு மரை நட்டை வெல்டிங் வைக்க 25 வெள்ளி. ஆக மொத்தம் 100 வெள்ளி. அந்தச் செலவில் என்னென்ன தெரிந்துகொள்ளலாம், எந்த இடத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போக வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தச் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. புகையில் எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜன் மட்டுமே தெரியும். அந்த ஆக்சிஜன் கார்புரேட்டர் வழியாக வந்ததா, குழாயின் ஓட்டை வழியாக வந்ததா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. நான் பார்த்த தவறான பழுதுகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வந்தவை.

## தொடங்குமுன்: பொருத்துவதும் எண்களும்

காரில், எல்லாச் சிலிண்டர்களின் புகையும் ஒன்றுசேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே சென்சார் இருக்கட்டும். மோட்டார்சைக்கிளில், எஞ்சினிலிருந்து ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் தொலைவில். தலைகீழாகவோ படுக்கையாகவோ வைக்காதீர்கள். குழாயில் சேரும் நீர் சென்சாருக்குள் இறங்கி அதைக் கெடுத்துவிடும். படுக்கை நிலையிலிருந்து 10 பாகையாவது மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கார்ச் சென்சார்களின் மரை பொதுவாக எம் 18, இடைவெளி 1.5 மில்லிமீட்டர். வெல்டிங் வைக்கும்போது பேட்டரியின் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

நான்கு கம்பிகளில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டும் ஹீட்டருக்கு உரியவை. பரவலாகக் கிடைக்கும் வகையில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் அதன் எர்த். ஜப்பானியச் சென்சார்கள் சிலவற்றில் கறுப்பு இரண்டும் ஹீட்டராக இருக்கும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல், ஹீட்டர் என்று நினைக்கும் இரண்டு கம்பிகளுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். குளிர்ந்த நிலையில் சில ஓம் காட்டினால் அதுதான் ஹீட்டர். இஎக்ஸ்5 போன்ற சிறிய வண்டியின் பேட்டரிக்கு ஹீட்டர் பெரிய சுமை. வீட்டு அலாரத்தில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றை ஹீட்டருக்கென்று தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

பட்டறையில் பெட்ரோல் கூடினால் ரிச், காற்றுக் கூடினால் லீன் என்பார்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் லீன், 0.8க்கு மேலே காட்டினால் ரிச். ஏறக்குறைய 0.45இல் எண் சட்டென்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை இந்தச் சென்சார் துல்லியமாகச் சொல்லும். எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறோம் என்பதைச் சொல்லாது. 0.82க்கும் 0.86க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஜெட்டை (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளை) மாற்ற நினைப்பவர்கள் வீணாகச் செலவு செய்வார்கள். சென்சார் சூடேற ஏற ரிச் பக்கத்து எண் தானாகவே தாழும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

எந்த வேலையாக இருந்தாலும் முதலில் இரண்டு நிமிடச் சோதனை ஒன்றைச் செய்கிறேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, காற்றைக் குறைக்கும் சோக்கைச் சற்று இழுக்கிறேன். எண் மேலே ஏற வேண்டும். சோக்கை விட்டுவிட்டு, காரில் எஞ்சினின் உறிஞ்சலோடு இணைந்த ஒரு வாக்கம் குழாயைப் பிடுங்குகிறேன். எண் கீழே விழ வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நடக்கவில்லை என்றால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். மழைக்குப் பயந்து வண்டியை வீட்டுக்குள்ளே ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட விடாதீர்கள். ரிச்சாக ஓடும் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிக அதிகம். அதற்கு வாசனை கிடையாது.

## அறிகுறி 1: மீட்டர் அசையவே இல்லை

பெரும்பாலும் சென்சார் இன்னும் சூடாகியிருக்காது. 300 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் அது வேலை செய்யும். ஹீட்டருக்கு மின்சாரம் கொடுத்து இரண்டு நிமிடம் பொறுங்கள்.

அப்போதும் அசையவில்லை என்றால் எர்த் கம்பியைப் பாருங்கள். குழாயில் துருவும் மரையில் பூசிய பசையும் சேர்ந்து மின்தொடர்பைத் தடுத்துவிடும். மீட்டரின் கறுப்பு முனையைச் சென்சாரின் உடம்பிலேயே நேராக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு ஹீட்டரின் ஃபியூஸ். அதன் பிறகு ஹீட்டர். ஓம் அளவில் முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

சென்சாரே செத்துவிட்டதா என்று பார்க்க, ஸ்டீம்போட் சமைக்கும் கையடக்க கேஸ் அடுப்பு போதும். சென்சாரைக் கழற்றி, குறடால் அதன் உடம்பைப் பிடித்து, முனையை நீலச் சுடருக்குள் நுழையுங்கள். ஒரு நிமிடத்தில் முனை மங்கலாகச் சிவக்கும். மீட்டர் மெல்ல ஏறி 0.7, 0.8 என்று போகும். சுடரிலிருந்து வெளியே எடுத்தவுடன் 0.2க்குக் கீழே விழ வேண்டும். விழ நேரமாகிறது, அல்லது 0.5ஐத் தாண்டவே மறுக்கிறது என்றால் அது தேறாது. நான் வாங்கும் பழைய சென்சார்களில் மூன்றில் ஒன்று இந்தச் சோதனையில் தோற்கிறது. கடைக்காரர் அனுமதித்தால் கடையிலேயே அடுப்பை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முனை கறுத்திருந்தால் கரி; சுடரிலேயே எரிந்துபோகும். வெள்ளையாகப் பளபளத்தால் சிலிக்கோன். யாரோ இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சிலிக்கோன் பசையை அப்பிய வண்டியிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். அது மீளாது. உங்கள் வண்டியிலும் சாதாரணச் சிலிக்கோன் பசையைக் கார்புரேட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஒருவகைச் சென்சார்கள் வோல்ட் தருவதே இல்லை. அவற்றின் மின்தடை மட்டும் மாறும். சுடரில் வைத்தும் எண் பூஜ்யத்திலேயே நின்றால் அந்த வகையாகவும் இருக்கலாம். நம் வேலைக்கு அது உதவாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 2: பிளக் கறுப்பு, பெட்ரோல் வாசனை, ஆனால் மீட்டர் லீன் என்கிறது

அதிகமானோர் ஏமாறும் இடம் இது. நானும் ஒருமுறை ஏமாந்தேன்.

எங்கள் குடியிருப்புத் தாமானில் ஓர் ஐயா இருக்கிறார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய இஸ்வராவைக் கொண்டுவந்து, "தம்பி, இரண்டு பட்டறை பார்த்தாகிவிட்டது. பெட்ரோல் போட்டு மாளவில்லை" என்றார். மீட்டர் 0.08இல் நின்றது. லீன் என்று எண்ணி ஜெட்டைப் பெரிதாக்கினேன். மீட்டர் நகரவில்லை, புகைதான் கூடியது. இன்னும் ஒரு அளவு பெரிதாக்கினேன். அன்று மாலை ஜாலான் ஈப்போவில் அவருடைய காரின் பின்னால் போனபோது என் கண்களே எரிந்தன.

மறுநாள் காலையில் பசியாறுவதற்கு முன்பே போய், குளிர்ந்திருந்த எஞ்சினைத் தொடக்கச் சொன்னேன். பானட்டுக்கு அடியில் 'டிக் டிக்' என்று ஓர் ஓசை. சூடு ஏறியதும் அது அடங்கிவிட்டது. விளக்கை அடித்துப் பார்த்தால், புகை வெளியேறும் குழாய்த்தொகுதியான மேனிஃபோல்ட் எஞ்சினோடு சேருமிடத்தில், மூன்றாவது துளைக்கு அருகில், கண்மை தீட்டியதுபோல மெல்லிய கரிக்கோடு. கேஸ்கெட் அங்கே எரிந்துபோயிருந்தது. ஓட்டை வழியாகப் புகை வெளியேறினால் காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்கலாம். குழாயில் புகை விட்டுவிட்டுத்தான் பாய்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் ஒரு கணம் உள்ளிழுப்பு உண்டு. அந்தக் கணத்தில் நுழைந்த காற்றைத்தான் சென்சார் லீன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கேஸ்கெட் மாற்றி, ஜெட்டைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தேன். மீட்டர் 0.86 காட்டியது. பிறகுதான் உண்மையான ரிச் கோளாறைத் தேடத் தொடங்கினேன். அதை அறிகுறி 5இல் சொல்கிறேன்.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதலில் செலவில்லாத சோதனை: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடக்கி, கனமான ஈரத்துணியைப் புகைக்குழாயின் பின்வாயில் சில நொடிகள் அழுத்துங்கள். முன்பக்கத்தில் எங்காவது 'புஸ்' என்று கேட்டால் ஓட்டை அங்கேதான். சோப்பு நீரையும் குழாய் சூடாவதற்கு முன்பே பூசிப் பார்க்கலாம். மோட்டார்சைக்கிளில் குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் உள்ள வளையக் கேஸ்கெட்டை முதலில் சந்தேகியுங்கள். அது சில வெள்ளிதான். குழாயைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

அடுத்தது மிஸ்ஃபயர். ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் அதற்குள் போன காற்று அப்படியே வெளியே வருகிறது. பெட்ரோலும் கூடவே வருகிறது. மூக்கு ரிச் என்று சொல்லும், மீட்டர் லீன் என்று சொல்லும். இரவில் பானட்டைத் திறந்து, பிளக் கம்பிகளின் மேல் புகைபோல நீரைத் தெளித்துப் பாருங்கள். கசியும் கம்பியில் நீலப்பொறி ஓடும். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று உலர்ந்தும் ஒன்று ஈரமாகவும் இருந்தால் ஈரமான சிலிண்டர்தான் குற்றவாளி.

மூன்றாவது காரணம் குறுகிய சைலன்சர். ஐடிலில் (முறுக்காமல் சும்மா ஓடும்போது) புகையின் வேகம் குறைவு. பின்வாயிலிருந்தே காற்று ஏறி வந்துவிடும். ஓர் அடி நீளத் தகரக் குழாயைப் பின்னால் செருகிப் பாருங்கள். எண் மாறினால் ஐடிலில் உங்கள் மீட்டர் சொன்னது பொய்.

பட்டறைக்குப் போக வேண்டிய இடம்: மேனிஃபோல்டின் துருப்பிடித்த போல்ட். அது எஞ்சின் தலைக்குள் ஒடிந்துவிட்டால் 20 வெள்ளி கேஸ்கெட் வேலை எஞ்சின் தலையைக் கழற்றும் வேலையாகிவிடும். ஒரு சுற்றுக்குப் பிறகும் இறுகியபடியே திரும்பும் போல்ட்டை விட்டுவிடுங்கள். மேனிஃபோல்டே வெடித்திருந்தாலும் அப்படித்தான். வார்ப்பிரும்பை வெல்டிங் வைப்பது பழகியவர் செய்ய வேண்டியது.

## அறிகுறி 3: சிக்னலில் அணைந்துபோகிறது, ஐடில் ஏறி இறங்குகிறது

மீட்டர் 0.1, 0.2 என்று நின்று, அறிகுறி 2இல் சொன்ன ஓட்டைகள் எதுவும் இல்லை என்று உறுதியானால், ஐடிலில் உண்மையிலேயே லீன்.

ஐடிலில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் கலவைத் திருகாணியைத் தொடுமுன் வாக்கம் குழாய்களைப் பாருங்கள். சாகாவிலும் இஸ்வராவிலும் அவை ஏராளம். நம் வெயிலில் ரப்பர் காய்ந்து நுனியில் வெடித்திருக்கும். வெடித்த நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டு மீண்டும் செருகினாலே பாதி வண்டிகள் சரியாகின்றன. பிறகு கார்புரேட்டருக்கு அடியிலும், கலவை உள்ளே போகும் மேனிஃபோல்டின் இணைப்பிலும் நீரை மெல்லத் தெளியுங்கள். எஞ்சின் ஓசை ஒரு கணம் மாறினால் அங்கே காற்று உறிஞ்சப்படுகிறது. இதற்குக் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பவர்கள் உண்டு. சூடான குழாய்க்கு மேலே அதை அடிப்பதை நான் கைவிட்டுவிட்டேன்; தீப்பற்றினால் அணைப்பதற்குள் கம்பிகள் எரிந்துவிடும்.

காற்று எங்கும் புகவில்லை என்றால் இப்போது திருகாணி. மோட்டார்சைக்கிளில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். காற்று வடிகட்டியின் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகாணி: உள்ளே திருகினால் ரிச். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் திருகாணி: உள்ளே திருகினால் லீன். முதலில் உள்ளே முடியும்வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். இறுக்காதீர்கள், ஊசிமுனை நசுங்கிவிடும். பிறகு ரிச் பக்கமாகக் கால் சுற்று திருப்பி, 15 நொடி பொறுத்து, எண்ணைப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியில் எண் ஒருபோதும் ஒரே இடத்தில் நிற்காது. அது அதிகமாகத் தங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். லீனிலிருந்து ரிச்சுக்குத் தாவும் இடத்தைக் கண்டுபிடித்த பின், அங்கிருந்து இன்னும் கால் சுற்று. ஐடில் அங்கேதான் நிம்மதியாக ஓடும். பிறகு வேகத் திருகாணியால் சுழற்சியைச் சரிசெய்யுங்கள்.

மூன்று சுற்றுக்கு மேல் திருப்பியும் எண் அசையவில்லை என்றால் ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். கிளீனரால் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பியை நுழைக்காதீர்கள். பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும்.

சுத்தம் செய்த பின்னும் அசையாவிட்டால், முறுக்கும்போது திறக்கும் த்ராட்டிலின் தண்டு தேய்ந்து அதன் இரு புறமும் காற்று நுழைகிறதா என்று தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் கார்புரேட்டரை மாற்றுவதுதான் வழி, அல்லது தேய்ந்த துளைக்குப் புஷ் போடத் தெரிந்த பட்டறை.

## அறிகுறி 4: முறுக்கியவுடன் ஒரு கணம் திணறுகிறது

மல்டிமீட்டரின் திரை வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும். இந்தத் திணறல் அதற்குள் வந்து போய்விடும். முள் ஆடும் பழைய வகை மீட்டரும் இதற்கு ஆகாது. அதன் மின்தடை குறைவு, சென்சாரின் வோல்ட்டையே இழுத்துத் தாழ்த்திவிடும். பத்து விளக்குகள் வரிசையாக எரியும் சிறிய மின்சுற்று ஒன்றைப் பொருத்திக்கொண்டால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். விளக்குகள் முதலில் லீன் பக்கம் சாய்ந்தால் பெட்ரோல் பிந்துகிறது.

காரில் இதற்குக் காரணம், மிதிக்கும் கணத்தில் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப். எஞ்சினை அணைத்துவிட்டு, காற்று வடிகட்டியைத் திறந்து, கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே கையால் த்ராட்டிலை இழுங்கள். நூல்போலப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், இழுத்த அந்தக் கணமே. சொட்டினாலோ தாமதித்தாலோ பம்பின் சவ்வான டயஃப்ரம் கிழிந்திருக்கும். பம்ப் இல்லாத சிறிய மோட்டார் கார்புரேட்டர்களில் ஐடில் கலவை லீனாக இருப்பதே பெரும்பாலும் காரணம். அறிகுறி 3க்குத் திரும்பிப் போங்கள்.

## அறிகுறி 5: சீரான ஓட்டத்தில் ரிச், பெட்ரோல் மாளவில்லை

உணவு விநியோகம் செய்யும் தம்பிகள் கொண்டுவரும் கோளாறு இது. ஒரு நாளின் வருமானத்தில் பெரும்பகுதி தொட்டிக்குள் போய்விடுகிறது என்பதால் இதைப் பார்க்காமல் யாரையும் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

கைப்பிடியில் வெள்ளை நாடா ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழுது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கால் பங்கு வரை ஐடில் ஜெட்டின் ஆட்சி. காலிலிருந்து முக்கால் வரை, த்ராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். மீட்டரைத் தொட்டிமேல் கட்டி, அதையும் கைப்பிடியையும் சேர்த்துக் கைப்பேசியால் படம் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். ஓடும்போது எண்ணைப் பார்க்காதீர்கள். வீட்டுக்கு வந்து பாருங்கள். காரில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.

எல்லாத் திறப்பிலும் ரிச் என்றால் முதலில் காற்று வடிகட்டி. அதைக் கழற்றிவிட்டுச் சற்று ஓட விடுங்கள். எண் விழுந்தால் வடிகட்டி அடைத்திருக்கிறது. பிறகு சோக் முழுவதும் திறக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி சோக் உள்ள கார்களில் எஞ்சின் சூடான பின்னும் தகடு பாதி மூடியே நின்றிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐயாவின் இஸ்வராவில் கடைசியில் அகப்பட்டது அதுதான். கரி படிந்து தகட்டின் தண்டு இறுகியிருந்தது. கிளீனர் அடித்து விரலால் பத்து முறை ஆட்டிவிட்டதும், தகடு தானே நிமிர்ந்து நின்றது.

அடுத்தது, கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை. அது பெட்ரோலை அடைக்கும் தனி ஊசியில் தேய்மான வளையம் தெரிந்தால் பெட்ரோல் மட்டம் உயர்ந்திருக்கும். மிதவையைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் அது ஓட்டையாகி, பாதி மூழ்கிக் கிடக்கிறது.

காலுக்கும் முக்காலுக்கும் இடையில் மட்டும் ரிச் என்றால் ஊசி. பல மோட்டார் கார்புரேட்டர்களில் ஊசித் தலையில் மூன்று அல்லது ஐந்து வெட்டுகள் இருக்கும். கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கும், கலவை லீனாகும். ஒரு வெட்டுக்கு மேல் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஊசியும் அது உட்காரும் துளையும் தேய்ந்திருந்தால் கிளிப்பால் சரிவராது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சீரான ஓட்டத்தில் எண் இரு பக்கமும் தாவிக்கொண்டிருந்தால் தண்ணீர் குளிர்விக்கும் காருக்குப் போதுமானது. காற்றால் குளிரும் இஎக்ஸ்5 போன்றவற்றைச் சற்று ரிச் பக்கமே விட்டுவிடுங்கள். நண்பகலில் நெரிசலில் நிற்கும் எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல்தான் குளிர்ச்சி.

## அறிகுறி 6: மேட்டில் முழுதாக முறுக்கினால் வலு போகிறது

கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பாவுக்கு ஏறும் சாலையில்தான் இது வெளிப்படும். முழுத் திறப்பில், சுமையோடு, மீட்டர் 0.8க்கு மேலேயே நிற்க வேண்டும். ஏற ஏற 0.6, 0.3 என்று இறங்கினால் உடனே த்ராட்டிலை விட்டுவிடுங்கள். முழுச் சுமையில் லீனாக ஓடும் எஞ்சின் பிஸ்டனை உருக்கிவிடும். இன்னொரு முறை ஏறிச் சோதிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

முதலில் தொட்டி மூடி. அதன் காற்றுத் துளை அடைத்திருந்தால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தவுடன் காற்று உறிஞ்சும் ஓசை கேட்கும். அடுத்தது பெட்ரோல் வடிகட்டி. பிறகு மிதவைக் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகாணியைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். நம் ஊர் மாலை மழையில் நனைந்து நின்ற வண்டிகளில் கிண்ணத்தின் அடியில் நீர் முத்துபோல உருண்டு கிடப்பதைப் பார்க்கலாம். காரில் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமையும் பாருங்கள். எஞ்சின் எண்ணெயில் பெட்ரோல் வாசனை வந்தால் அது கிழிந்திருக்கிறது, எண்ணெயையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, மெயின் ஜெட் ஒன்றே மிச்சம் என்றால் அதை ஓர் அளவு பெரிதாகப் போட்டு, மீட்டர் 0.8க்கு மேல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நல்ல வலு கிடைக்கும் கலவையில், ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 12.5க்கும் 13க்கும் இடையில் இருக்கிறது. நம் சென்சாரால் அதைப் படிக்க முடியாது. சிலிண்டர் பெரிதாக்கிய வண்டி, பெரிய கார்புரேட்டர் மாற்றிய வண்டி என்றால் கலவை விகிதத்தையே அளக்கும் அகலப்பட்டைச் சென்சாரும் எஞ்சினின் வலுவை அளக்கும் டைனோவும் உள்ள பட்டறைக்குப் போய்விடுங்கள்.

## அறிகுறி 7: த்ராட்டிலை விட்டவுடன் சைலன்சரில் வெடிக்கிறது

ஐடில் கலவை லீன், அல்லது குழாயில் ஓட்டை. அறிகுறி 2, பிறகு 3. புகைக்குழாய்க்குள் காற்றுச் செலுத்தும் வால்வு உள்ள வண்டி என்றால் அதன் குழாயைத் தற்காலிகமாக அடைத்துப் பாருங்கள். அந்த வால்வு திறந்திருக்கும்வரை மீட்டரின் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

## யமஹா ஆர்எக்ஸ்-இசட் வைத்திருப்பவர்களுக்கு

கேட்டு வருகிறவர்கள் பலர். அதனால் தனியாக எழுதுகிறேன். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இந்த வழி ஒத்துவராது. புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே குழாய்க்குள் போய்விடுவதால் மீட்டர் எப்போதும் லீன் என்றே சொல்லும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் நனையும். புகையில் வரும் எண்ணெய் சில நாள்களில் சென்சாரையும் மூடிவிடும். அந்த வண்டிகளுக்குப் பிளக்கின் நிறத்தையே பாருங்கள்.

## வேலை முடிந்ததும்

சென்சாரைக் கழற்றிவிடுங்கள். ஹீட்டருக்கு மின்சாரம் இல்லாமல் குழாயில் கிடந்தால் கரி படிந்து வீணாகும். 22 மில்லிமீட்டர் ஸ்பானர் அதற்குப் பொருந்தும். குழாய் இளஞ்சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை கெடாது. துளையை அதே மரையுள்ள போல்ட்டும் செம்பு வளையமும் போட்டு இறுக்கி அடையுங்கள். அங்கே கசிந்தால் அடுத்த முறை மீண்டும் அறிகுறி 2இல் தொடங்க வேண்டியிருக்கும். திருகாணிச் சுற்று, கிளிப்பின் இடம், ஜெட் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருக்கைக்கு அடியில் ஒட்டிவையுங்கள். அடுத்துத் திறக்கிறவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.